வேலை வேனில் எது எங்கே இருக்க வேண்டும்?

மஸ்ஜித் தானாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அறுபது வயதைக் கடந்தும் வேலையை விடாதவர்கள் பலர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த காலத்தில் தோட்ட வீட்டை விட்டுத் தாமானுக்கும் பட்டணத்துக்கும் வந்தவர்கள் ஆளுக்கொரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒயரிங், பைப் வேலை, பெயிண்ட், புல் வெட்டுதல், ஏர்கோன் கழுவுதல். இன்று தஞ்சோங் பிடாராவில் ஒரு தங்கும் விடுதியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள், நாளை அலோர் காஜாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பார்ப்பார்கள். இவர்களுக்கு ஒரு பழைய வேன்தான் கடை, ஸ்டோர். மழை நாளில் சாப்பாட்டு மேசையும் அதுதான்.

நீங்கள் அப்படி ஒருவராக இருக்கலாம். அல்லது உங்கள் வீட்டு வாசலில் நிற்பது உங்கள் மகனுடைய வேனாக இருக்கலாம். எப்படியானாலும் இந்தப் பாடம் உங்களுக்குரியது.

சுகாதார ஏட்டில் வேனின் பின்பக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். முதுகுப் பிடிப்பு, இனிப்புநீர் உள்ளவரின் காலில் ஆறாத புண், வெயிலில் கெட்டுப்போன இன்சுலின், தண்ணீர் என்று நினைத்துக் குடித்த களைக்கொல்லி. ஒரு பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் இந்த நான்கும் வரும். முப்பது வயதில் வேன் எப்படிக் கிடந்தாலும் உடம்பு சமாளித்துக்கொண்டது. இப்போது அது சமாளிக்காது.

கனமான சாமான்

முதலில் ஒரு கணக்கு. பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு ஆணையம் கையால் தூக்கும் சுமைக்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. முழங்கை உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால், ஓர் ஆண் 25 கிலோ வரை தூக்கலாம். அதே ஆள் குனிந்து, கையை நீட்டி, கணுக்கால் மட்டத்தில் இருப்பதைத் தூக்கினால் 5 கிலோதான். பெண்களுக்கு இது 16 கிலோவும் 3 கிலோவும். ஆளும் மாறவில்லை, முதுகும் மாறவில்லை. பொருள் இருக்கும் இடம் மட்டும் மாறியது, அளவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இதுகூட ஆரோக்கியமாக வேலை செய்யும் ஒருவருக்கான கணக்கு. எழுபதை நெருங்குகிறவர்களும், மூட்டு தேய்ந்தவர்களும் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் வேனை நினைத்துப் பாருங்கள். டிரில் பெட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முன்னிருக்கைக்குப் பின்னால், கடைக்கோடியில், இரண்டு வாளிகளுக்கும் ஒரு சுருள் ஒயருக்கும் அடியில். அதை எடுக்க ஒரு முழங்காலை வேன் தரையில் ஊன்றி, தலையைக் குனிந்து, ஒரு கையை நீட்டி, உடம்பைத் திருப்பி இழுக்கிறீர்கள். முதுகெலும்பின் நடுவே உள்ள வட்டுகளுக்கு இதைவிடக் கெட்ட நிலை இல்லை. குனிவது ஒன்று, திரும்புவது ஒன்று, தூரத்தில் சுமையை வைத்திருப்பது ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறோம்.

ஆகவே கனமானவற்றுக்குச் சரியான இடம் கதவின் விளிம்பு. உங்கள் வேனில் பக்கக் கதவு இருந்தால் அதுதான் நல்ல இடம். அங்கே தரையோடு வைத்தால் வண்டியின் கனம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விழும், வளைவில் வண்டி ஆடாது. நீங்களும் வெளியே நேராக நின்றபடியே பொருளை நெஞ்சோடு அணைத்து எடுக்கலாம். பக்கக் கதவு இல்லையென்றால் பின்கதவின் ஓரம். கனமான பெட்டியின் அடியில் ஒரு பழைய ரப்பர் பாயைப் போடுங்கள், ஓடும்போது நகராது. எடுக்கும்போது விளிம்புவரை இழுத்துக்கொண்டு பிறகு தூக்குங்கள்.

வேன் தரைக்கும் ஓர் ஆளின் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரம்தான் விலைமதிப்புள்ள இடம். தினமும் பத்து முறை கை போகும் திருப்புளி, குறடு, ஸ்பானர், டேப், அளவு நாடா எல்லாம் அந்த உயரத்தில் இருக்கட்டும். கூரையை ஒட்டிய மேல் தட்டில் தூரிகை, மணல்தாள், காலிப் பை போன்ற எடையில்லாதவை போதும். பெயிண்ட் டின்னை மேல் தட்டில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தோளுக்கு மேலே கையைத் தூக்கி இறக்கும்போது தோள்பட்டை நரம்பு இழுத்துக்கொள்ளும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. கூரைமேல் கட்டும் ஏணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை ஏற்றவும் இறக்கவும் இன்னோர் ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட வெட்கப்பட வேண்டாம்.

தோட்டத்தில் காண்டாவில் பால் வாளி சுமந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்கம் மட்டும் வாளியைத் தொங்கவிட்டு யாரும் நடப்பதில்லை, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். வேனிலிருந்து வேலை இடத்துக்குச் சாமான் கொண்டுபோகும்போதும் அப்படியே செய்யுங்கள். ஒரு பெரிய இரும்புப் பெட்டியை வலக்கையில் தூக்கிச் சாய்ந்து நடப்பதைவிட இரண்டு சிறு பைகளில் பிரித்து இரண்டு கைகளிலும் எடுத்துப் போவது முதுகுக்கு நல்லது. அதைவிட நல்லது, அன்றைய வேலைக்கு வேண்டிய ஆறேழு சாமானை மட்டும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு போவது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை இறக்கவேண்டிய வேலையென்றால் கடைக்காரரையே வேலை இடத்தில் கொண்டுவந்து இறக்கித்தரச் சொல்லுங்கள். அந்த வாடகையை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். நம்மவர்கள் கேட்கத் தயங்குவது இங்கேதான்.

இன்னொன்று. அரைமணி நேரம் வண்டி ஓட்டிவந்து இறங்கியவுடன் தூக்காதீர்கள். உட்கார்ந்தே இருந்த முதுகு இளகிப்போய் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், வேலையைச் சுற்றிப் பாருங்கள், வீட்டுக்காரரோடு பேசுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதற்கும் இந்த மூன்று நிமிடம் உதவும்.

போத்தலில் இருப்பது என்ன?

இந்த ஏட்டில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

தோட்டத்தில் மருந்து அடித்தவர்களுக்குக் கிரமோக்சோன் என்ற பெயர் மறக்காது. அதிலுள்ள பராகுவாட் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கலக்காத மருந்தில் ஒரு மிடறு உள்ளே போனால்கூட உயிர் போகலாம். முதல் நாள் வாயும் தொண்டையும் புண்ணாகி, பிறகு சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டோரிலோ வேனின் ஒரு மூலையிலோ பழைய டின் ஒன்று மிச்சமிருக்கலாம். இருந்தால் அதைத் தொடாமல், கால்வாயில் ஊற்றாமல், மாவட்ட விவசாய இலாகாவில் என்ன செய்வதென்று கேளுங்கள்.

தடை வந்தபின் புல்லுக்கு வேறு மருந்துகள் அடிக்கிறோம். அவற்றில் குளுபோசினேட் வகை மருந்தைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைத் தவறுதலாகக் குடித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார், பேசுவார், நடப்பார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வலிப்பு வரும், மூச்சு தடைப்படும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் படுக்கவைத்துவிட்டால் மிகவும் தாமதமாகிவிடும்.

ஆபத்து பெரும்பாலும் பெரிய டின்னில் தொடங்குவதில்லை. நான்கு லிட்டர் டின்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று கொஞ்சத்தை மினரல் வாட்டர் போத்தலிலோ 100 பிளஸ் போத்தலிலோ ஊற்றிக்கொள்கிறோம். தின்னர், பெட்ரோல், அடைப்பு நீக்கும் அமிலம் எல்லாவற்றுக்கும் இதேதான். வேன் உங்களுடையது, போத்தலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில் கூட வேலை செய்யும் பையனுக்குத் தெரியாது. மாலையில் வேனுக்குள் ஏறி விளையாடும் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீரைப் போலவே நிறமில்லாத திரவங்கள் பல உண்டு. கண்புரை உள்ள நீங்களே ஒருநாள் மாற்றி எடுத்துவிடலாம்.

எனவே இந்த ஒரு விதியை மட்டும் மாற்றாதீர்கள். குடிக்கும் பொருள் வந்த போத்தலில் வேறு எதையும் ஊற்றக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குக்கூட ஊற்றக்கூடாது. மருந்து அது வந்த டின்னிலேயே, ஒட்டியிருக்கும் சீட்டோடு இருக்கட்டும். சிறிதளவுதான் வேண்டும் என்றால் சிறிய டின்னாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நச்சுப் பொருள்களுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை ஒதுக்குங்கள். மூடி பூட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. அது பின்கதவு ஓரத்தில், தரையில், சாப்பாட்டுப் பையும் தண்ணீர்த் தோம்பும் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். டின் ஒழுகினால் பெட்டிக்குள்ளேயே நிற்கும். அடைப்பு நீக்கும் அமிலத்தையும் வெளுக்கும் குளோரினையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய வேனுக்குள் அது மூச்சை அடைத்துவிடும். மருந்து அடிக்கும்போது போட்ட கையுறையையும் சட்டையையும் தனிப் பையில் கட்டுங்கள், வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது, வேன் தரையிலேயே படுத்திருக்கும். அங்கே ஒரு டிரில்லின் பொறி போதும். புல் வெட்டும் இயந்திரத்துக்கு அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும், அதற்கென்றே செய்த கலனில் வாங்குங்கள். இரவில் வேனுக்குள் வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும், வால்வு மூடியிருக்கவேண்டும். வேலை முடிந்ததும் அதையும் இறக்கிவிடுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளித் தண்ணீர், உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 999. கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள், பிறகு புறப்படுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099.

வேன் தரையில் கிடக்கும் ஆணி

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இது அதைவிட அதிகம். பல ஆண்டுகள் இனிப்புநீர் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகும். செருப்பைத் தாண்டி ஆணி ஏறினாலும் தெரியாது. மாலையில் செருப்பைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். சில சமயம் மூன்றாவது நாள் வாடை வந்த பிறகுதான் தெரியும். கால் விரலை எடுக்கவேண்டிவந்த கதைகளில் சில இப்படி ஓர் ஆணியில் தொடங்கியவைதான்.

மைலோ டின்னில் ஆணியும் திருகாணியும் போட்டு வைப்பது நம் வழக்கம். டின்னில் குற்றமில்லை, மூடி இல்லாததுதான் குற்றம். மேட்டில் ஏறும்போது கவிழ்ந்து தரையெங்கும் சிதறும். மூடியுள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரியும் சிறு டப்பாக்களுக்கு மாறுங்கள். வெள்ளெழுத்து உள்ளவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கவேண்டிய அவசியமும் இருக்காது. மூடிமேல் தடித்த எழுத்தில் அளவை எழுதி ஒட்டுங்கள். கத்தி, உளி, ரம்பம் ஆகியவற்றின் வாயை ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகி வையுங்கள். மாலையில் வேன் தரையை ஒருமுறை பெருக்கி, ஒரு காந்தத்தையும் ஓட்டினால் போதும். வேலைக்கு மூடிய காலணி போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள் அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு துளையாக இருந்தாலும் கிளினிக்குக்கு வாருங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் அதையும் கேளுங்கள்.

பெருக்கும்போது மழைநீர் தேங்கிய வாளி, பழைய டயர், மடித்த தார்ப்பாய் எதையும் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு கைப்பிடித் தண்ணீர் போதும். சாப்பாட்டுப் பொட்டலத்தை வேனில் விட்டால் எலி வரும், எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் வரும்.

உங்கள் மாத்திரை எங்கே?

வெயிலில் நிற்கும் வேனுக்குள், கண்ணாடி மூடியிருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிப்போகலாம். டேஷ்போர்டின்மேல் அதைவிட அதிகம். பலர் மாத்திரையை வைப்பது அங்கேதான்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா 30 டிகிரிக்குள், பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். சரியான நாள் கணக்கு பெட்டியில் அச்சாகியிருக்கும். வெயிலில் கெட்ட இன்சுலின் பார்வைக்கு மாறாமல் இருக்கலாம். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று குழம்பும்போதுதான் தெரியவரும். அதை ஒரு சிறு குளிர்பையில் உங்களோடு எடுத்துச்செல்லுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் அதுவும் கெட்டதுதான். சர்க்கரை சோதிக்கும் பட்டைகளும் வெப்பத்தில் கெடும். நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை, கொடுத்த கண்ணாடிக் குப்பியிலேயே, உங்கள் சட்டைப் பையில் இருக்கவேண்டும். ஏணியின்மேல் நெஞ்சை அழுத்தும்போது அந்தக் குப்பி வேனில் இருந்து என்ன பயன்? வெப்பத்தில் கிடந்த மருந்தையும் காலாவதியானதையும் கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். புதிதாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சர்க்கரை இறங்கும் ஆபத்து உள்ளவர்கள் ஓட்டுநர் கதவுப் பையில் ஒரு சிறு டப்பாவில் சீனி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் ஏணியிலிருந்து இறங்கி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்காருங்கள். இன்னும் சரியாகவில்லையென்றால் மறுபடி குடியுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

கட்டி வைத்தல்

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வேன் எதன்மீதாவது மோதி நின்றால், கட்டாமல் கிடந்த சுத்தியல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பறக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட மூன்றாவது மாடியிலிருந்து, ஒரு சுத்தியல் தலையில் விழுவதற்குச் சமம். இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு, தட்டுகளின் முன்னால் நான்கு விரல் உயரத்தில் ஒரு பட்டை, கனமான பெட்டிக்கு ஒரு நாடா. பழைய இரும்பில் வெல்டிங் கடைக்காரர் ஒரு பகலில் செய்துவிடுவார்.

எப்படித் தொடங்குவது?

ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், வேனை நிழலில் நிறுத்தி முழுவதையும் இறக்குங்கள். நீங்களே தூக்கவேண்டாம், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எது எங்கே என்று சொல்லுங்கள். ஆறு மாதமாகத் தொடாத பொருள் வேனில் இருக்கவேண்டிய பொருளல்ல, ஸ்டோருக்குப் போகட்டும். சுமையில் பாதி அங்கேயே குறைந்துவிடும் வேன்கள் உண்டு.

மீதியை ஏற்றும்போது பழைய பால்வெட்டுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன், பெரட்டு முடிந்து இருட்டில் போகும்போதே உளி எந்தப் பக்கம், சாணைக்கல் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. அதுபோல் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் கொடுத்து, அந்த இடத்தில் அதன் உருவத்தைச் சாயத்தால் வரைந்துவிடுங்கள். மாலையில் காலியாக இருக்கும் உருவத்தைப் பார்த்தாலே வேலை இடத்தில் எதை விட்டுவந்தோம் என்று தெரியும். ஞாபகம் பிசகத் தொடங்கியவர்களுக்கு இது பெரிய உதவி. பின்கதவின் உள்பக்கம் பேட்டரியில் எரியும் ஒரு சிறு விளக்கு ஒட்டுங்கள்.

கடைசியாக, ஓட்டுநர் பக்கச் சூரியத் தடுப்பின் பின்னால் ஓர் அட்டை. அதில் உங்கள் பெயர், வயது, நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, வீட்டில் எடுக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண். பெரிய எழுத்தில், மலாயிலும் எழுதுங்கள், உதவிக்கு வருபவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். அடியில் 999, அதன் கீழே 1-800-88-8099. மாத்திரையின் பெயர்களை எழுதத் தெரியாவிட்டால், அடுத்த முறை மருந்து எடுக்க மஸ்ஜித் தானா சுகாதார கிளினிக்குக்கு வரும்போது அட்டையைக் கொண்டுவந்து மருந்தகத்தில் எழுதித்தரச் சொல்லுங்கள்.